பன்னிரண்டாம் நம்பர் சுவிட்ச்

எங்கள் ஊர் புன்னைமுனையில் என்ன நடந்தாலும் அது ஏன் நடந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், அதில் தனக்கு எத்தனையாவது வரிசையில் நாற்காலி என்றுதான் கேட்பார்கள், கடல் உள்வாங்கினாலும் அப்படித்தான், கொடிமரத்தில் இடி விழுந்தாலும் அப்படித்தான், ஆகையால் பெர்பெத்து மச்சாது தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு சுவிட்சை அமுக்க, அதே நொடியில் அரைமைல் தள்ளி மீன் ஏலக் கூடத்தில் நின்ற ரொசாலியின் இடது கால் தானாக எழும்பி ஒரு கூடை சாளையை உதைத்துக் கவிழ்த்தபோது, ஊர் வாயைப் பிளக்கவில்லை. அந்த மீன்காரிக்கு மட்டும் ஏன், நமக்கு ஏன் இல்லை என்றுதான் கடைசியில் பேசிக்கொண்டது. இதை எழுதுகிற நான் ஊர் நலக் கமிட்டியின் செயலாளர், பதினோரு வருடமாக நோட்டீசும் தீர்மானமும் எழுதிக் கை தேய்ந்தவன். ஊரைத் திட்டும்போது என்னைத் தள்ளி நிறுத்திவிட்டுத் திட்டுவதாக யாரும் நினைக்கவேண்டாம்.

பெர்பெத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், படகுகளின் ஒயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்ஸும் கெட்டுப்போனால் அவளிடம்தான் வரும். கப்பல்காரர்கள் வந்து தங்கிப்போன பழைய கிளப்பை இழுத்து மூடியபோது அதன் பின்கட்டில் மூன்று பின்பால் மெஷின்கள் கிடந்தன, சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு ஓடும், அது எதன் மேல் முட்டுகிறதோ அதன் அடியில் இருக்கிற காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், வெடுக்கென்று உதைத்துக் குண்டைத் திருப்பி அனுப்பும், ஒரு காலத்தில் நார்வேக்காரனும் பிலிப்பைன்ஸ்காரனும் அதன் முன்னால் நின்று பொழுதைக் கழித்தார்கள். எங்கள் ஆட்கள் பூட்டு உடைந்த மூன்றாம் நாளே செம்பை முழுக்க உருவிக்கொண்டு போய்விட்டார்கள், மர உடம்பை அடுப்புக்குக் கொண்டுபோனார்கள், தின்னவும் எரிக்கவும் உதவாத சர்க்யூட் போர்டுகள் மூன்றை மட்டும் சேற்றில் போட்டுவிட்டுப் போனார்கள். பெர்பெத்து அவற்றைப் பொறுக்கி வந்து துடைத்தாள். கொச்சியில் இப்படிப்பட்ட பழைய மெஷின்களைச் சேகரிக்கிற ஒருவர், வேலை செய்கிற போர்டு இருந்தால் மட்டும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். மெஷினே இல்லாமல் போர்டு வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் அவள் டெஸ்டர் கட்ட உட்கார்ந்தாள்.

ஒன்றரை மாதம் கட்டினாள். பீரோக் கதவு ஒன்றைக் கழற்றிப் படுக்கப்போட்டு, அமுக்கினால் ஒட்டி விட்டால் விலகுகிற சுவிட்சுகள் பதினாறை வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே காயிலுக்குப் பதிலாக ஒரு ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பை வைத்து, செத்த கம்ப்யூட்டர் ஒன்றின் பவர் சப்ளையைப் பிடுங்கிக் கரண்ட் கொடுத்து, போர்டின் விளிம்பைக் கவ்வுகிற கனெக்டர் எந்தக் கடையிலும் கிடைக்காததால் அதையும் தானே அறுத்து ராவி ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பல்பு எரிந்தால் அந்த வழியில் இருக்கிற டிரான்சிஸ்டர் நல்லது, எரியாவிட்டால் மாற்றவேண்டும், அவ்வளவுதான் அந்த மேஜையின் வேலை, அதற்குமேல் அவள் அதனிடம் எதையும் கேட்கவில்லை. முதல் இரண்டு போர்டும் பாட்டரி ஒழுகிப் பச்சை பூத்துச் செத்திருந்தன. மூன்றாவதைச் செருகி ஒன்றை அமுக்கினாள், பல்பு எரிந்தது, ரொசாலியின் கால் உதைத்தது. இரண்டை அமுக்கினாள், ஐஸ் உடைக்கிற லாசரின் தோள் குலுங்கியது. ஐந்தை அமுக்கினாள், விதவை மரியசெல்வத்தின் வெள்ளாடு நான்கு காலும் தரையில் படாமல் துள்ளியது. இப்படிப் பதினாறும் ஊருக்குள் ஒவ்வொருவர் உடம்பில் போய் உதைத்தன, பதினாறு பேரில் ஒருவருக்குக்கூடத் திருவிழாவில் மாலை வாங்குகிற தகுதி கிடையாது.

முதல் வாரம் அவர்களுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்றோம். இரண்டாவது வாரம், வெளிநாட்டு மெஷின் நாலாயிரம் பேரில் பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், வெளிநாடு என்ற சொல் காதில் விழுந்ததும் பிசாசு ஓடிப்போனது, எங்களுக்கு வயிறு எரியத் தொடங்கியது. ரொசாலியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், லாசருக்குப் பெண் கொடுக்க ஆள் வந்தது, ஆட்டுக்கு நம்பரா என்று பொறுக்கமுடியாமல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதைக் கமிட்டியில் கிளப்பி, ஆட்டை அசன விருந்துக்கு நேர்ந்துவிட்டு ஐந்தாம் நம்பரைத் தனக்கு வாங்கிக்கொண்டார். அசனம் என்றால் திருவிழாவுக்கு மறுநாள் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஏழை பணக்காரன் பேதமில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் காட்டிக்கொள்வோம்.

பன்னிரண்டாம் நம்பர் கஸ்பார் கொரேரா. முப்பது வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், நாற்பது பேருக்கு ஆடுகிற கடலின்மேல் நின்றுகொண்டு குழம்பு வைத்தவர், மூன்று வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் காலும் திரும்பி வந்தன, கை வரவில்லை. மகன் வெளியூரில் இருந்தான், மருமகள் ஜெனோவா கரண்டியால் ஊட்டினாள், ஊட்டும்போது டி.வி. பார்த்துக்கொண்டே ஊட்டினாள், கரண்டி சில நேரம் மூக்கில் இடித்தது. பெர்பெத்து அந்தப் பன்னிரண்டாவது சுவிட்சை அமுக்கினால் கஸ்பாரின் செத்த கை விரல் குவிந்து வாய்வரை ஏறியது, விட்டால் இறங்கியது. மற்றவர்களுக்கு உதை, அவருக்கு மட்டும் அது பிழைப்பாக இருந்தது. மத்தியானம் அவர் தட்டோடு அவள் வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவார். இடது கையால் வலது கையைத் தூக்கிச் சோற்றின்மேல் வைத்துக்கொள்வார்.

“அமுக்கு தங்கச்சி.”

அமுக்குவாள். ஒரு கவளம் போகும். விடுவாள். போர்டில் பன்னிரண்டாவது டிரான்சிஸ்டர்மேல் விரலை வைத்துப் பார்ப்பாள், சூடேறியிருந்தால், “பொறுங்கண்ணே, கொஞ்சம் ஆறட்டும்” என்பாள், பின்பால் போர்டு ஒரு நொடி உதைத்து ஓய்வதற்குச் செய்ததே தவிர அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதற்குச் செய்ததல்ல, ஐந்தாறு நொடிக்குமேல் பிடித்தால் டிரான்சிஸ்டர் கருகிவிடும். ஆகையால் ஒரு தட்டுச் சோறு தின்ன ஒரு மணி நேரம் ஆனது. முதல் நாள் அவர் முப்பத்திரண்டு கவளம் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு அழுதார், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற நான்தான் கவளத்தை எண்ணினேன்.

“இடது கையால சாப்பிட்டாத்தான் என்னண்ணே?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“கழுவுற கையாலயா? ஒருநாள் எடுத்தேன். ஜெனோவா தட்டப் பிடுங்கிட்டா. பேரப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இவ்வளவு பேரு பாக்க அத எப்படிச் செய்யச் சொல்லுத?”

ஊட்டிவிடப்படுவது கேவலமில்லை, இடது கையால் உண்பது கேவலம், இந்தக் கணக்கை எங்கள் ஊரில் யார் போட்டது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இதுவரை ஒருவனும் அதில் பிழை கண்டுபிடித்ததில்லை.

அதற்குள் பெரிய மனிதர்கள் பெர்பெத்துவின் வாசலில் வரிசை கட்டினார்கள். ஐஸ் பாக்டரி முதலாளி வந்தார், விசைப்படகுச் சங்கம் வந்தது, பேன்சி ஸ்டோர்க்காரர் தம்பதியாக வந்தார். பதினாறு வழிதான் இருக்கிறது, பதினேழாவதை நான் எங்கே போய்ப் பிடுங்க என்று அவள் நூறு முறை சொன்னாள், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் வெறுத்துப்போய் இன்னொரு பலகையில் எண்பத்துநான்கு சுவிட்சை அறைந்து வைத்தாள், பின்பக்கம் ஓர் ஒயர்கூடக் கிடையாது, பலகையைத் திருப்பிக் காட்டவும் செய்தாள்.

“பாத்துக்கோங்க. இது சும்மா. எதோடயும் சேரல.”

“இருக்கட்டும், நீ அமுக்கு” என்றார்கள்.

அமுக்கினாள். எண்பத்துநான்கு பேரும் உதைத்தார்கள். உண்மையான பதினாறு பேரைவிட உயரமாக உதைத்தார்கள், ஐஸ் பாக்டரி முதலாளி நாற்காலியோடு மல்லாந்தார், பேன்சி ஸ்டோர் அம்மாள் இரண்டு காலையும் உதைத்து, தனக்கு இரண்டு நம்பர் என்று வாதாடினாள். எனக்கு நாற்பத்தொன்று. மற்றவர்களைப் பற்றி நான் சொல்லமாட்டேன், என் கால் தானாக உதைக்கவில்லை, நான்தான் உதைத்தேன், உதைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்துச் சிரித்தேன், அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் முகத்தில் துப்பத் தோன்றுகிறது.

கமிட்டித் தலைவர் பொனிப்பாஸ் தல்மேதா மட்டும் எண்பத்துநான்கில் ஒன்றாக நிற்க ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு முதல் பதினாறில் ஒன்று வேண்டும், அதிலும் அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர் என்பதால் பன்னிரண்டுதான் வேண்டும். கமிட்டி கூடியது. கஸ்பாரின் கை உதைப்பதே இல்லை, வெறுமனே ஏறி இறங்குகிறது, அதுவும் சாப்பாடு என்ற சொந்த உபயோகத்துக்கு, ஒரு பொது நம்பரை ஒருவர் வயிற்றுக்காகப் பூட்டிவைப்பது சரியல்ல, ஆகவே பன்னிரண்டு தலைவருக்கு மாற்றப்படுகிறது, டெஸ்டர் மேஜை கமிட்டி மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாக்கப்படும், சுவிட்சுகள் மட்டும் வெளியே இருக்கும், என்று தீர்மானம். எழுத்து என்னுடையது.

“தலைவரே, அது ஒருத்தர் சோறு” என்று பெர்பெத்து மண்டபத்து வாசலில் நின்று சொன்னாள்.

“ஏ பெர்பெத்து, ஊர்ல சோத்துக்கா பஞ்சம்? மருமக ஊட்டத்தான செய்தா” என்றார் பொனிப்பாஸ்.

நான்கு பேர் மேஜையை அவள் வீட்டிலிருந்து தூக்கிவந்தார்கள், போர்டைக் கழற்றாமல், கரண்டை அணைக்காமல், ஒயரை இழுத்த இழுப்பில் பதினாறு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். கண்ணாடி போட்டுப் பூட்டுப் போட்டோம். மேலே தலைவரின் பெயரைப் பித்தளையில் பொறித்து ஆணி அடித்தோம்.

பத்து நாள் திருவிழா வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் மண்டபத்தில் நம்பர் மரியாதை, நான் மைக்கில் நம்பரைக் கூப்பிட, ஒருவர் சுவிட்சை அமுக்க, கூப்பிடப்பட்டவர் மேடையில் உதைக்க, சனம் கை தட்ட, குழாய் ஒலிபெருக்கி ஊரின் கடைசி வீடுவரை அதைக் கொண்டுபோனது. பன்னிரண்டு என்று கூப்பிட்டதும் பொனிப்பாஸ் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அருமையாக உதைத்தார். மறுநாள் காலை ஜெனோவா பெர்பெத்துவிடம் வந்து நின்றாள்.

“அக்கா, மாமா நேத்து சும்மா இருக்கைலயே வெறுங்கைய வாயில வாயில வைக்காவ. இருவது தடவ இருக்கும். பயமா இருக்கு.”

பெர்பெத்துவுக்கு விளங்கிவிட்டது. மேஜை எங்கே இருந்தாலும், மேலே யார் பெயர் இருந்தாலும், பன்னிரண்டின் மறுமுனையில் இருந்தது கஸ்பாரின் கைதான். தலைவர் எதோடும் சேராமல் உதைத்துக்கொண்டிருந்தார். அவள் ஊருக்கு இதைச் சொல்லப் போகவில்லை, ஊரை அவளுக்குத் தெரியும், நேராக என்னிடம் வந்து சொன்னாள்.

“நிகழ்ச்சி நிரல் ஒண்ணு குடுங்க. எந்த எந்த நேரத்துல பன்னெண்டு வருதுன்னு எனக்குத் தெரியணும்.”

கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கஸ்பாரின் வீட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு இருவரும் ஒலிபெருக்கிக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்தார்கள், நான் மைக்கில் பன்னிரண்டு என்றேன், கஸ்பார் கையைச் சோற்றில் வைத்தார், மண்டபத்தில் சுவிட்ச் அமுங்கியது, ஒரு கவளம் போயிற்று. வரவேற்புரையில் மூன்று கவளம், வாழ்த்துரையில் ஐந்து, தலைவரின் சேவைகளைப் பாராட்டிய கவிதையில் ஒன்பது, இடையில் நடனம் வந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து நான் நிரலில் பன்னிரண்டை அங்கங்கே நுழைத்து இரண்டு மடங்காக்கினேன், செயலாளருக்குத்தான் தன்மேல் மதிப்பு இருக்கிறது என்று பொனிப்பாஸ் என் தோளில் தட்டினார். ஏழு நாள் அந்த ஊரின் மொத்தப் பெருமையும் சேர்ந்து, தனக்கே தெரியாமல், ஒரு மனிதனுக்குச் சாப்பாடு போட்டது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான், அதையும் நானே கெடுத்தேன்.

கடைசி நாள் தலைவருக்கு ஆளுயர மாலை. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து முடியும்வரை பன்னிரண்டை அமுக்கிப் பிடித்திருக்கவேண்டும், கால் தூக்கியபடி படத்தில் விழவேண்டும் என்றார். பெர்பெத்துவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“வேண்டாம். சொல்லுங்க அவருகிட்ட. அஞ்சு நொடிக்கு மேல தாங்காது. கருகிப்போகும்.”

“சொல்லுதேன்” என்றேன்.

சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன், அவர் கண்ணாடி முன்னால் நின்று காலைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார், நல்லா இருக்கா என்று கேட்டார், நல்லா இருக்கு தலைவரே என்றேன், அத்தோடு திரும்பிவிட்டேன். அன்றைக்கு மாலையைப் போடும்போது அது சிக்கிக்கொண்டது, பொன்னாடை யார் போர்த்துவது என்று தகராறு வந்தது, போட்டோக்காரர் இன்னொன்று என்றார், ஒரு நிமிடத்துக்குமேல் ஆனது. அங்கே வீட்டில் கஸ்பாரின் கை கடைசிக் கவளத்தை வாயருகில் பிடித்தபடி நின்று நடுங்கியதாம், இறக்கு இறக்கு என்று ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொன்னாராம், பிறகு கை பொத்தென்று தட்டில் விழுந்து சோறு சிதறியது. மண்டபத்தில் கருகல் வாடை வந்தது, சாம்பிராணி என்றார்கள். பொனிப்பாஸின் கால் இன்னும் மேலேயே இருந்தது.

பெர்பெத்து அங்கிருந்து உடனே வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். ஒரு டிரான்சிஸ்டர், கால் மணி நேர வேலை, அவள் பையிலேயே இருந்தது. பன்னிரண்டை அமுக்கிக் காட்டினாள், பல்பு எரியவில்லை.

“பன்னெண்டு செத்துப்போச்சு. மாத்தணும்.”

“செத்துப்போச்சுன்னா நான் எப்படி உதைக்கேன்?” என்றார் பொனிப்பாஸ். “அமுக்கு.”

அமுக்கினாள். அவர் உதைத்தார், மேஜை அதிர உதைத்தார். கமிட்டி முழுக்க அந்தக் காலைப் பார்த்தது, எரியாத பல்பைப் பார்த்தது, திரும்பவும் காலைப் பார்த்தது. பல்புக்குத்தான் கரண்ட் போகவில்லை என்று முடிவாயிற்று. தனியாக ஒரு பாட்டரி வைத்து அந்தப் பல்பை எந்நேரமும் எரியவிட்டார்கள். பெர்பெத்து என்னைப் பார்த்தாள், அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், மூன்றாவது ஆள் மாலையோடு நின்றார். நான் தலையைக் குனிந்து தீர்மானப் புத்தகத்தில், பல்பு சரிசெய்யப்பட்டது என்று எழுதினேன்.

மறுநாள் அசனம். ஆயிரத்துக்குமேல் ஆட்கள், மண்டபத்து மணலில் பாய் விரித்து நீளநீளமாய் இலை, தலைவர் முதல் வரிசையில் மாலை வாடாமல் உட்கார்ந்திருந்தார். கஸ்பார் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ஜெனோவா கரண்டியை எடுத்துச் சோற்றைப் பிசைந்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் இடது கையால் அந்தக் கரண்டியை மெதுவாக ஒதுக்கினார், அதே கையைத் தண்ணீரில் நனைத்தார், சோற்றில் வைத்தார், பிசைந்தார், ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எதற்கும் ஆச்சரியப்படாத எங்கள் ஊர் அன்றைக்கு ஆச்சரியப்பட்டது. எதிர் வரிசையில் கை பாதியில் நின்றது, சோற்று வாளியோடு வந்தவன் அப்படியே நின்றான், ஜெனோவா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏ கஸ்பாரு” என்றார் பொனிப்பாஸ் முதல் வரிசையிலிருந்து. “பந்தியில என்ன அசிங்கம் இது?”

கஸ்பார் மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“இதுக்கு நம்பர் கிடையாது தலைவரே. யாரும் அமுக்கவும் வேண்டாம்.”

ஐஸ் பாக்டரி முதலாளி எழுந்தார். தலைமையாசிரியர் எழுந்தார். பேன்சி ஸ்டோர்க்காரர் தம்பதியாக எழுந்தார். நம்பர் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக இலையை மடக்கிவிட்டுப் போக, எங்கள் வரிசை பல் விழுந்த வாய்போல ஆயிற்று. பெர்பெத்து நின்றுபோனவனின் கையிலிருந்து சோற்று வாளியை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை, அதைப் பெருமையாகச் சொல்லலாம் என்றுதான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் இடது கையில் குழம்பு வழிந்து முழங்கைக்கு இறங்கியபோது, என் இலையை ஒரு சாண் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவர் பார்த்தார். பெர்பெத்துவிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.